லாரியின் பாரத்தை ஷாக் அப்சார்பர் தாங்குவதில்லை

ஓவர்லோடு ஏற்றும் வண்டிக்கு இருப்பதிலேயே கெட்டியான ஷாக் அப்சார்பரைப் போட வேண்டும் என்ற எண்ணம் லாரித் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. இது தவறு. பாரத்தைச் சுமப்பவை ஸ்பிரிங் பட்டையும் ஏர் பலூனும்தான். ஷாக் அப்சார்பருக்குள் பிஸ்டனின் சிறு துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கி ஓடும்போது, ஸ்பிரிங்கின் துள்ளல் வெப்பமாக மாறி அடங்குகிறது. அதன் முக்கிய வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த வேலை நின்றுவிட்டால் பள்ளத்தில் இறங்கி ஏறிய சக்கரம் தரையில் ஒட்டாமல் குதித்துக்கொண்டே போகும். தரையைத் தொடாத டயரால் பிரேக் பிடிக்கவும் முடியாது, வண்டியைத் திருப்பவும் முடியாது. ஆகவே இந்தப் பாகத்தை டிரைவரின் சொகுசுக் கணக்கில் எழுதாமல் பிரேக், டயர் கணக்கில் எழுத வேண்டும்.

பின் ஆக்சிலில் ஷாக் அப்சார்பரே இல்லாமல் எத்தனையோ லாரிகள் ஓடுகின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அடுக்கடுக்கான பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் அங்கே துள்ளல் ஓரளவு தானாகவே அடங்கிவிடும். முன்பக்கம் பாரபோலிக் ஸ்பிரிங் உள்ள வண்டியில் அந்த உராய்வு மிகக் குறைவு; இரண்டு மூன்று பட்டைகள் நடுவிலும் முனையிலும் மட்டுமே தொடும். ஏர் பலூனில் இரும்போடு இரும்பு உராய இடமே இல்லை. அதோடு, பல ஏர் சஸ்பென்ஷன்களில் ஆக்சில் அளவுக்கு மீறித் தொங்காமல் பிடித்து நிறுத்துவதும் ஷாக் அப்சார்பரே. அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பலூன் இழுபட்டுக் கிழியும்.

மாற்றுவதற்கு முன் பழுதை உறுதி செய்ய வேண்டும். தண்டு ஏறி இறங்கும்போது சீலை நனைக்கக் கொஞ்சம் எண்ணெயை வெளியே கொண்டுவரும்; மேல்பகுதியில் மெல்லிய கசிவும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் பயமில்லை. உடல் முழுவதும் நனைந்து எண்ணெய் சொட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. காரைப் போல அழுத்திப் பார்க்கும் சோதனை லாரிக்கு உதவாது. மேடு பள்ளமான சாலையில் கால் மணி நேரம் ஓட்டி, நிறுத்தியவுடன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரண்டு பக்கத்தையும் அளந்து பாருங்கள். வேலை செய்யும் ஷாக் அப்சார்பர் அருகிலுள்ள சேசிஸ் இரும்பைவிடச் சூடாக இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்ததைச் சந்தேகிக்கலாம். டயர் சுற்றிலும் குழிகுழியாகத் தேய்வதும் ஓர் அடையாளம். ஆனால் வீல் பேரிங் தளர்ந்தாலும் பேலன்ஸ் தவறினாலும் அதே தேய்மானம் வரும். அவற்றைப் பார்க்காமல் பணம் செலவழிக்க வேண்டாம்.

தேர்வில் முக்கியமானது நீளம். முழுதாக நீட்டிய அளவு, முழுதாக மடக்கிய அளவு, இரு முனைகளிலும் வளையமா தண்டா, புஷ்ஷின் துளை எவ்வளவு ஆகியவை கம்பெனி அளவோடு ஒத்திருக்க வேண்டும். நீளம் கூடினால், ஆக்சில் பம்ப் ஸ்டாப்பரைத் தொடும் முன்பே பிஸ்டன் அடிதட்டி உடையும். குறைந்தால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது தண்டு பிடுங்கப்படும். கூடுதல் பட்டை சேர்த்து உயரம் மாறிய வண்டியில் நேரில் அளந்தே வாங்குங்கள். தேவைக்கு மேல் கெட்டியானதைப் போட்டால் அதிர்ச்சி அதிகமாகப் பிராக்கெட்டுக்குப் போய், அங்கே விரிசல் விடலாம். ரீகண்டிஷன் செய்தது விலை குறைவுதான். ஆனால் சீலும் எண்ணெயும் புதிதானாலும் தேய்ந்த வால்வு பழையதாகவே இருக்கக்கூடும். ஒன்றுதான் கெட்டது, மற்றதை ஏன் மாற்ற வேண்டும் என்ற வாதத்துக்குப் பதில் இது: இடமும் வலமும் வேறுவேறு வேகத்தில் துள்ளலை அடக்கினால் பிரேக் பிடிக்கையில் இரு சக்கரங்களும் ஒரே மாதிரி தரையைப் பற்றாது. ஒரு ஆக்சிலுக்கு ஜோடியாகவே மாற்றுங்கள்.

மாட்டும்போது வண்டி சமதரையில், ஹேண்ட் பிரேக் போட்டு, கட்டை வைத்து நிற்க வேண்டும். ஏர் சஸ்பென்ஷனாக இருந்தால் ஆக்சில் கீழிறங்காதபடி ஸ்டாண்டு கொடுத்த பிறகே போல்ட்டைத் தொடுங்கள். துருப்பிடித்த நட்டுக்கு முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விடலாம். கேஸ் வெல்டிங் தீயைக் காட்டவே கூடாது, அடைபட்ட எண்ணெயும் வாயுவும் சூடேறினால் வெடிக்கும். பழையதைக் கழற்றியதும் பிராக்கெட்டில் விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். படுக்க வைத்திருந்த புதிய எண்ணெய் வகை ஷாக் அப்சார்பரில் காற்று புகுந்திருக்கும். அதை நிமிர்த்திப் பிடித்து முழுதாக இழுத்து, தலைகீழாக்கி அமுக்குங்கள். இழுப்பு சீராகும்வரை சில முறை இப்படிச் செய்தால் காற்று விலகிவிடும். தண்டைப் பிளையரால் பிடிக்காதீர்கள், கீறல் விழுந்தால் சீலைக் கிழிக்கும். புதிய நட்டுகளைக் கையால் மாட்டி, வண்டியின் எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கிய பிறகே டார்க் ரெஞ்ச்சால் கம்பெனி குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கியபடி இருந்து சீக்கிரம் பிய்ந்துவிடும். முதல் நடை போய் வந்ததும் அந்த நட்டுகளை மறுபடி சோதிக்காமல் அடுத்த லோடு ஏற்றாதீர்கள்.