கடைக் காரை விற்குமுன் கணக்கைப் பாருங்கள்

நான்கு மீட்டருக்குட்பட்ட எஸ்.யு.வி. கார்களை நம்மில் பலர் கடைக் கணக்கில் வாங்கியுள்ளோம். பழுதின்றி ஓடும் வண்டிக்குச் சந்தையில் நல்ல விலை கிடைக்கிறது. ஆனால், நம் பேரேட்டில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்துவிடுகிறோம். இங்கேதான் வரி வருகிறது.

ரூ.10 லட்சத்துக்கு வாங்கிய வண்டி, இரண்டு முழு ஆண்டுத் தேய்மானம் போக ஏட்டில் ரூ.7,22,500. அதை ரூ.8 லட்சத்துக்கு விற்றால் வித்தியாசம் ரூ.77,500. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் இந்த வித்தியாசத்துக்கு மட்டும் 18 சதவீதம், அதாவது ரூ.13,950 கட்ட வேண்டும். முழு விலைக்கும் அல்ல. 2025 ஜனவரி 16 முதல் இந்த விகிதம் நடைமுறையில் உள்ளது. ஏட்டு மதிப்புக்குக் குறைவாக விற்றால் வரியே இல்லை.

ஆகவே, தரகரிடம் விலை பேசுமுன் ஆடிட்டரிடம் ஏட்டு மதிப்பைக் கேட்டுக்கொள்வோம்.