தேயும் பிரேக்கும் சேரும் வைப்பும்

சொகுசு எஸ்.யு.வி. வாங்கக் கடன் கோரி எங்களிடம் வருவோர் மாதத் தவணையைக் கணக்கிடுகின்றனர்; பராமரிப்பை மறந்துவிடுகின்றனர். 2 டன்னுக்கும் மேற்பட்ட வாகனத்தை நிறுத்தும் பிரேக் பேடுகள் தேய்வது இயல்பே. புதிதில் ஏறத்தாழ 10 முதல் 12 மி.மீ. தடிமனுள்ள உராய்வுப் படலம், 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் பேடை மாற்றிவிட வேண்டும். தாமதித்தால் பேடின் இரும்புத் தகடு பிரேக் டிஸ்க்கைக் கீறும். அதன் செலவும் சேரும். ஆபத்தோ அதனினும் பெரிது. டிஸ்க், தயாரிப்பாளர் வரையறுத்த குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுவது முறை.

விரிவான வாகனக் காப்பீடும் இயல்பான தேய்மானத்தை ஏற்பதில்லை. ஆகவே, முதல் தவணை செலுத்தும் மாதத்திலேயே பராமரிப்புக்கென ஒரு தொடர் வைப்புக் கணக்கையும் தொடங்குமாறு பரிந்துரைக்கிறோம்.