ஏற்ற அளவான ரயரும் அதன் பாதுகாப்பும்

உழவு இயந்திரம் வைத்திருக்கும் கமக்காரர் எஞ்சினுக்குக் காட்டும் கவனத்தை ரயருக்குக் காட்டுவது அரிது. ஆனால், வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ மரக்கறி ஏற்றிச் செல்லும் வழியில் ஒரு ரயர் வெடிக்குமாயின், கீரை வாடும். சந்தை வேளை தவறும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஆதலால் பின்வருவனவற்றை ஊன்றி வாசித்து நடப்பீர்களாக.

அளவை அறிதல்

ரயரின் பக்கச் சுவரில் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். 6.00-16 என்றிருந்தால், ரயரின் அகலம் ஏறத்தாழ 6 அங்குலம். அது பொருந்தும் றிம்மின் விட்டம் 16 அங்குலம். பெரிய உழவு இயந்திரங்களின் பின்சில்லுகளிற் காணப்படும் 12.4-28 என்பதையும் இவ்வாறே வாசிக்க வேண்டும். பழைய முறையில் இதே ரயர் 11-28 எனக் குறிக்கப்பட்டது. இருசில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றிற்கு 6.00-12 ரயர் பூட்டப்படுகிறது.

தெரிவு செய்தல்

1. இயந்திரத்தின் கைந்நூலிற் கூறப்பட்ட அளவையே வாங்குக. விலை மலிவென்று வேறு அளவை வாங்காதீர்.

2. ஒரே அச்சின் இரு சில்லுகளுக்கும் ஒரே அளவும், ஏறத்தாழ ஒரே தேய்வுமுள்ள ரயர்களைப் பூட்டுக. நான்கு சில்லுகளாலும் இழுக்கும் இயந்திரத்தில் முன், பின் ரயர்களின் விகிதம் மாறினால் பற்சக்கரங்கள் பழுதடையும்.

3. உழவு ரயரின் பக்கத்திலுள்ள அம்புக்குறி, சில்லு முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். மாறிப் பூட்டினால் சேறு கழன்று விழாது, சில்லு வழுக்கும்.

4. சேற்றுழவிற்குரிய இரும்புக் கூண்டுச் சில்லுடன் தார் வீதியிற் செல்லலாகாது.

காற்றின் அளவு

காலையில், ரயர் குளிர்ந்திருக்கும்போது, அளவுமானியினாற் காற்றைச் சோதிக்க வேண்டும். காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் மடிந்து சூடேறி நூலிழைகள் அறும். காற்று மிகுந்தால் நடுப்பகுதி விரைவில் தேயும்; வயலிற் பிடிமானம் குறையும். வயல் வேலைக்கும் பாரம் ஏற்றிய வீதிப் பயணத்திற்கும் வேண்டிய அழுத்தம் வேறு வேறு. காலி வீதி போன்ற வெயிற் சூடேறிய வீதிகளில் ஓடிய ரயரிலிருந்து உடனே காற்றை இறக்காதீர். அது ஆறியபின் குறைந்துவிடும்.

ரயர் பூட்டும்போது எச்சரிக்கை

ரயரின் விளிம்பை றிம்மில் அமர்த்தக் காற்றடிக்கையில் சதுர அங்குலத்திற்கு 35 இறாத்தலை ஒருபோதும் மீறாதீர். விளிம்பு அமராவிடிற் காற்றை இறக்கி, சவர்க்கார நீர் தடவி மீண்டும் முயல்க. எண்ணெயோ பெற்றோலோ தடவுதல் கேடு. ரயரின் நேரெதிரே நில்லாது, நீண்ட குழாயுடன் ஒதுங்கி நிற்க. ரயர் பூட்டியுள்ள றிம்மிற்கு வெல்டிங் செய்யவே கூடாது. உள்ளிருக்கும் காற்று சூடேறி வெடித்து ஆளைக் கொல்லும். லொறியின் வளையப் பூட்டுள்ள றிம்மைப் பழகிய தொழிலாளரிடமே ஒப்படைப்பீராக.

பராமரிப்பு

வாரந்தோறும் ரயரைக் கழுவி வெடிப்பு, வீக்கம், ஆணி ஆகியவற்றைத் தேடுக. எண்ணெய், பசளை, கிருமிநாசினி என்பன பட்டால் உடனே கழுவுக. போகம் முடிந்தபின் இயந்திரத்தை நிழலில் முட்டுக்கொடுத்து உயர்த்தி, சில்லின் மீதுள்ள பாரத்தை நீக்குக. நூலிழை தெரியும் ரயரையும், பக்கச் சுவர் வீங்கிய ரயரையும் ஒட்டுப்போட்டு வீதியில் ஓட்டாதீர்.

ஒரு ரயரின் விலை பெரிது. ஓர் உயிரின் விலைக்கு ஈடில்லை. வீதிக்கு இறங்குமுன் சில்லுகளை ஒருமுறை சுற்றிப் பார்ப்பீர்களாக.