கூரைச் சுமையும் கணவாய்க் காற்றும்

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் நாட்களும் குற்றாலத்துச் சீசனும் ஒன்றாகவே வரும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து, காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுக் கிழக்கே போகிறது. சுரண்டையிலிருந்து தென்காசிக்கு வரும் கார்கள் அந்தக் காற்றை எதிர்த்துத்தான் ஓட வேண்டும். கேரியரில் பாத்திரமும் பாயும் ஏற்றி வரும் குடும்பங்களுக்கும், புளியரை தாண்டிக் கொல்லம் காயலுக்குக் கயாக் படகு கொண்டுபோகிறவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்.

நம்பிக்கை: கனமான சுமை அசையாது.

உண்மை: ஒருவர் உட்காரும் பிளாஸ்டிக் கயாக் சுமார் 20 முதல் 30 கிலோ இருக்கும். வம்பு எடையில் இல்லை, பரப்பில் இருக்கிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கார் 60 கி.மீ. வேகத்தில் போக, எதிரே 40 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், கூரைச் சுமையின் மேல் மோதுவது 100 கி.மீ. காற்று. காற்றில்லாத நாளைவிட விசை சுமார் இரண்டே முக்கால் மடங்கு! படகின் மூக்கு சற்றே தூக்கியிருந்தாலும் காற்று அடியில் புகுந்து மேலே தள்ளும். அதனால் இரண்டு குறுக்குக் கம்பிகளில் கட்டியபின், மூக்கையும் வாலையும் காரின் முன்பின் கொக்கிகளோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

நம்பிக்கை: கம்பெனியிலேயே வந்த ரூஃப் ரெயில் எதையும் தாங்கும்.

உண்மை: சில மாடல்களில் அது வெறும் அலங்காரம். கையேட்டில் கூரைச் சுமை வரம்பு இருக்கும். பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ, சில கார்களில் கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம். உச்சியில் எடை ஏறினால் புவியீர்ப்பு மையமும் மேலே போகும். புளியரை எஸ் வளைவில் கார் சாய்வதில் அது தெரியும்.

நம்பிக்கை: நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டினால் போதும்.

உண்மை: நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். தென்காசியில் இறுகியிருந்த முடிச்சு சாரலில் நனைந்து செங்கோட்டையில் தளர்ந்திருக்கும். பாலியஸ்டர் பெல்ட் அவ்வளவு நீளாது. ராட்செட் வைத்து முறுக்கினால் படகின் வயிறு அமுங்கும். கையால் இழுத்துப் பூட்டும் பக்கிளே நல்லது. பெல்ட்டில் ஒரு முறுக்கு விட்டால் காற்றில் படபடக்காது. மலை ஏறுமுன் ஒரு டீக்கடையில் நிறுத்தி மறுபடி இழுத்துப் பார்ப்பது அவசியம்.

நம்பிக்கை: நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் சட்டம் ஒன்றும் செய்யாது.

உண்மை: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 194(1ஏ) பிரிவின்படி, சுமை வண்டியின் முன்னோ பின்னோ பக்கவாட்டிலோ நீண்டால் அபராதம் 20,000 ரூபாய், இறக்கிவைக்கும் செலவு தனி. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய காரில் 3 மீட்டர் கயாக் தாராளமாக இருக்கும், 4.5 மீட்டர் படகு இருக்காது. காற்றடித்து விரிக்கும் கயாக் என்றால் டிக்கியிலேயே மடித்துப் போட்டுக்கொள்ளலாம், கூரையும் வேண்டாம், கயிறும் வேண்டாம்.