வின்சுலோ அகராதியின் முகப்பில் ஒரே பெயர்



வின்சுலோ என்ற அமெரிக்கப் பாதிரியார் தனியொருவராக இத்தனை பெரிய தமிழ் அகராதியை எப்படிச் செய்து முடித்தார் என்று தளவானூரிலிருந்து நீ எழுதிக் கேட்ட வினாவில் முதலில் திருத்த வேண்டியது ‘தனியொருவராக’ என்ற சொல். மேடைப் பேச்சாளர்கள் கூச்சமின்றிச் சொல்லிவரும் இப்பிழை படிக்கிற பிள்ளைகளின் கடிதம்வரை வந்துவிட்டது எரிச்சலூட்டுவதுதான்.

வெர்மான்ட் மாநிலத்தில் 1789-இல் பிறந்த மைரன் வின்சுலோ, 1819-இன் இறுதியில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து உடுவிலில் பணியாற்றி, 1836-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர்.   அவர் தம் மனைவி ஹேரியட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்; ஆனால் தமிழர் அலமாரியில் நிலைத்தது 1862-இல் சென்னையில் அச்சான, 67,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றே.

அதற்கான சொற்களைத் திரட்டத் தொடங்கியவர் அமெரிக்கரே அல்லர். இங்கிலாந்துத் திருச்சபைச் சங்கத்தின் ஜோசப் நைட், யாழ்ப்பாணத்தில் கேப்ரியல் திசேராவின் துணையோடு சொற்களைச் சேர்த்துக் கொண்டிருக்கையிலேயே இறந்துபோக, அந்தத் திரட்டு அமெரிக்க மிஷனின் கைக்கு வந்தது. தமிழுக்குத் தமிழ் கூறும் பகுதி, லெவி ஸ்பால்டிங்கின் மேற்பார்வையிலும் சந்திரசேகர பண்டிதரின் உழைப்பிலும் 1842-இல் மானிப்பாய் அகராதி என வெளியாயிற்று. ஆங்கிலப் பொருள் தரும் பகுதி வின்சுலோவிடம் வந்து சேர்ந்தபோது, சென்னைப் புலவர் இராமாநுசக் கவிராயரைப் போன்றோர் அதில் கைகொடுத்தனர். 1828-இல் தம் பேரகராதியை வெளியிட்ட நோவா வெப்ஸ்டரின் வரலாற்றைப் பள்ளியில் படித்துவிட்டு அதே அச்சில் வின்சுலோவையும் வார்ப்பதால் வரும் குழப்பமே அந்தத் ‘தனியொருவர்’ எண்ணம். வெப்ஸ்டர் எழுதியது தம் தாய்மொழிக்கு, வின்சுலோவுக்கோ பண்டிதர் பக்கத்தில் இல்லாமல் ஒரு செய்யுட்சொல்லைக்கூட உறுதிசெய்ய வழியில்லை.

அப்படியானால் அவருடைய பங்கு என்ன என்று நீ கேட்பாய். நூலின் ஆங்கிலத் தலைப்பிலேயே ‘உயர்ந்த தமிழ், தாழ்ந்த தமிழ்’ இரண்டும் இதில் உண்டு என்று பொறித்திருக்கிறார்கள். உயர்ந்தது செந்தமிழ், அதாவது செய்யுளிலும் இலக்கணத்திலும் ஆளப்படுவது. தாழ்ந்தது கொடுந்தமிழ், அதாவது சந்தையிலும் களத்துமேட்டிலும் பேசப்படுவது. வீரமாமுனிவர் இவ்விரண்டுக்கும் தனித்தனி இலக்கணம் எழுதினார். 1732-இல் அவர் செய்த சதுரகராதி, நிகண்டுகளைப்போல் மனப்பாடச் செய்யுளாக இல்லாமல் சொற்களை அகரவரிசையில் நிறுத்திய பெருமைக்குரியதாயினும், அதன் கண் இலக்கியச் சொல்லின்மேலேயே இருந்தது. வின்சுலோவின் பக்கங்களில் இரு தமிழும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன; பதிவின் இறுதியில் வரும் சிறு குறி ஒன்றே எது செய்யுள் வழக்கு, எது பேச்சு வழக்கு என்று பிரித்துக் காட்டுகிறது. வடசொல்லாயின் வில்சனின் வடமொழி அகராதியில் அச்சொல் வரும் பக்க எண்ணும் அங்கேயே கிடைக்கும். கணினியில் சொல்லைத் தட்டிப் பொருளை மட்டும் படித்துவிட்டு வால்குறிகளைத் தாண்டிப் போகிறவர்கள் அகராதியில் பாதியைப் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். இதைச் சொன்னால் பழைய காலத்து மனிதர் என்பார்கள், சொல்லட்டும்.

பேச்சுத் தமிழுக்கு இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதற்கு உன் ஊர்க் குகையையே பார். பல்லவ அரசன் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேசுவராலயத்தில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சாசனம் ஒரு பக்கம், தமிழ்ச் செய்யுள் இன்னொரு பக்கம். கல்லில் வெட்டப்பட்டவை இரண்டு மொழிகளாயினும், உழவன் வாய்ச்சொல்லுக்கு அங்கே இடமில்லை. அந்த மூன்றாவதற்கும் இடம் உண்டு என்று முகப்புத் தாளிலேயே அறிவித்ததுதான் 1862-ஆம் ஆண்டு நூலின் புதுமை என்பது இக்கடிதம் எழுதுபவரின் நெடுநாளைய கட்சி, மறுப்பவர்கள் உண்டு.

இந்த அகராதியைத் திருத்தி விரிக்கும் எண்ணத்தில் தொடங்கியதே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். அதற்கு முதலில் பதிப்பாசிரியரானவரும் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜே.எஸ். சாந்லரே. பின்னால் வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்று 1936-இல் அதை நிறைவு செய்தார். வின்சுலோ அதையெல்லாம் பார்க்கவில்லை; ஊர் திரும்பும் வழியில் 1864-இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இறந்துவிட்டார்.

அறுவடைக் காலத்தில் பொலி தூற்றும் களத்தில் செஞ்சி வட்டாரத்தார் சொல்லும் சொற்களை, ஒரு தாளுக்கு ஒன்றாக எழுதி, வின்சுலோவில் இல்லாதவை எவை என்று சரிபார்த்து அடுத்த கடிதத்தோடு அனுப்பு. பொருளோடு, அச்சொல்லைச் சொன்னவர் பிறந்த ஊரையும் குறிக்க மறக்காதே. நைட்டின் திரட்டில் இல்லாமற்போனது அந்த ஊர்க்குறிப்புதானோ என்ற ஐயம் இங்கே நெடுநாளாக இருக்கிறது.