அடக்கச் செலவா, விருந்துச் செலவா?

கணவரின் மவுத்துக்குப் பட்ட கடனை அடைக்க உதவி கேட்டு ஒரு சகோதரி நம் டிரஸ்டுக்கு வந்தார். கணக்குப் பார்த்தோம். கஃபன் துணி, கற்பூரம், அத்தர், பலகை, கபர் வெட்டிய கூலி எல்லாம் சிறு தொகை. பெருந்தொகை நாற்பதாம் நாள் பிரியாணி.

மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர் வீட்டாருக்குச் சமைத்துக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். நாமோ துக்க வீட்டாரையே அண்டா ஏற்ற வைக்கிறோம்.

மய்யித்தின் சொத்தில் முதலில் அடக்கச் செலவு, அடுத்து கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத், மீதம் வாரிசுகளுக்கு. எத்தீம் பிள்ளைகளின் பங்கை எடுத்து விருந்து வைக்க எவருக்கும் உரிமையில்லை. மனைவியின் கஃபன், ஹனஃபி மத்ஹபில், கணவர் பொறுப்பு.

கொடுக்கல் வாங்கலை இன்றே நோட்டில் எழுதி வீட்டாரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் மவுத்தானால் 155377-க்குச் சொல்லுங்கள், அமரர் ஊர்தி இலவசம். இயலாதவர்கள் நடுஇரவானாலும் நம்மிடம் சொல்லலாம். கஃபனும் கபர் கூலியும் நாம் தருகிறோம்.