கீழாநெல்லியும் சிறுகுறிஞ்சானும்

அறநூல்களுக்கு மருந்தின் பெயரைச் சூட்டியவர்கள் நம் சமணச் சான்றோர். காரியாசானின் சிறுபஞ்சமூலமும் கணிமேதாவியாரின் ஏலாதியும் அதற்குச் சான்று. ஆதலின் மூலிகை என்றவுடன் நம் குடும்பங்களில் பற்று தோன்றுவது இயல்பே. ஆயினும் பற்று வேறு, தெளிவு வேறு. மழைக்குப் பின் நெய்வேலி நகரியத்தின் வீட்டுத் தோட்டங்களில் தானே முளைக்கும் கீழாநெல்லியையும், சர்க்கரைக்கொல்லி எனப் பெயர்பெற்ற சிறுகுறிஞ்சானையும் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழக அறிஞர்கள் கண்டவற்றை இங்குக் காண்போம்.

மஞ்சள் காமாலை என்பது தனி நோயன்று, அறிகுறியாகும். குருதியில் பிலிருபின் என்னும் நிறமி மிகும்போது கண்ணும் தோலும் மஞ்சள் நிறம் அடைகின்றன. மாசுற்ற நீரால் பரவும் ஏ, ஈ வகை வைரசுகள், பித்தநாள அடைப்பு, மது எனக் காரணங்கள் பலவாகும். ஏ வகை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அப்போது எந்தச் சாற்றை அருந்தியிருந்தாலும் புகழ் அச்சாற்றையே சேரும். பி வகையோ அத்தகையதன்று. குருதி வழியும் தாயிடமிருந்து சேய்க்கும் பரவி, உடலில் நிலைத்துவிட்டால் கல்லீரல் இறுகல் நோய்க்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும்.

இந்தப் பி வகை வைரசை நெடுநாள் சுமப்போரிடம் கீழாநெல்லியைச் சோதித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராசன். பி வகை வைரசைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் புளூம்பெர்க் அவ்வாய்வில் இணைந்திருந்தார். அதன் முடிவு 1988-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. முப்பது நாள் மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருக்குக் குருதியில் வைரசின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. மருந்தற்ற போலிமாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. உலகமே சென்னையை நோக்கித் திரும்பிய செய்தி அது.

ஆனால் 1990-இல் தாய்லாந்திலிருந்தும் 1994-இல் நியூசிலாந்திலிருந்தும் வெளிவந்த ஆய்வுகளில் அப்பயன் காணப்படவில்லை. கீழாநெல்லி இனத்தில் ஒன்றுபோல் தோன்றும் செடிகள் பல உண்டு. மண்ணும் பறிக்கும் பருவமும் சத்தை மாற்றும் என அறிஞர்கள் காரணம் ஆராய்ந்தனர். எவ்வாறாயினும், ஓரிடத்தில் கண்ட பயன் மற்றோரிடத்திலும் காணப்படும்வரை அதனை உறுதி என ஆய்வுலகம் ஏற்பதில்லை. இது முதல் ஆய்வாளர்க்கு இழுக்கன்று. அறிவு வளரும் முறையே இதுதான்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரையை நாவிலிட்டால் இனிப்புத் தெரியாது. அவ்விலையிலுள்ள சிம்னிமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் நாவரும்புகளைச் சிறிது நேரம் மறைத்துவிடுவதே காரணம். டாக்டர் இ.ஆர்.பி. சண்முகசுந்தரம் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுடைய 22 பேர் வழக்கமான மாத்திரையுடன் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாரத்தைப் பதினெட்டு முதல் இருபது மாதங்கள் உண்டனர். சர்க்கரை அளவு குறைந்தது. ஐவர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. ஆயினும் எஞ்சிய பதினேழு பேருக்கு மாத்திரை தேவைப்பட்டது என்பதையும் நாம் மறத்தல் கூடாது. இன்சுலின் இட்டுக்கொள்ளும் முதல் வகை நோயாளர்க்கும் சாரம் இன்சுலினுடன் சேர்த்தே தரப்பட்டது. இலையை நம்பி இன்சுலினை நிறுத்துவது அவர்கள் உயிருக்கே இறுதியாகும்.

நெய்வேலியில் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் முறைப்பணி செய்வோர் பலர். பொழுது சாயுமுன் உண்டு, இரவுப் பணிக்குச் செல்லும் நம்மவர் நீரிழிவு மாத்திரையுடன் சிறுகுறிஞ்சான் பொடியும் உண்டால், நள்ளிரவில் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் நேரக்கூடும். நோன்பு நாள்களிலும் இவ்விடர் உண்டு. ஆதலின் இரவுணவு கொள்ளாமையையும் நோன்பையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கூறி, மருந்தின் அளவையும் நேரத்தையும் அவரே வகுக்குமாறு செய்தல் வேண்டும். சொல்லக் கூச்சம் வேண்டா.

மற்றொன்று. சிறுகுறிஞ்சானில் இலையைக் கொய்தால் போதும், கொடி வாழும். கீழாநெல்லியையோ வேரோடு பிடுங்குகிறோம். ஓரறிவுயிர்க்கும் இரங்கும் நாம், நோய் இன்னதென அறியாமுன் அதனைப் பிடுங்குதல் முறையாகுமா? காமாலை கண்டால் முதலில் குருதிச் சோதனை செய்வோம்; கருவுற்ற மகளிராயின் ஒரு நாளும் தாமதியோம். பி வகையைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தவணையைப் போடச் செய்வோம். மூலிகை உண்போர் அதனை மருத்துவரிடம் மறையாது கூறுவோமாக. ஆய்ந்து கொள்வதே நல்ஞானத்திற்கும் உடல்நலத்திற்கும் உகந்த வழியாகும்.